கழுத்தில் உறுத்தாத லேபிள்: டேக்லெஸ் அச்சு முறைகள் குறித்த ஒரு மதிப்பீடு

பின்கழுத்தில் தைத்திருக்கும் துணி லேபிள் உறுத்துகிறது என்பதற்காக அதைக் கத்தரித்துவிட்டே சட்டையை அணிகிறவர்கள் பலர் உண்டு. கத்தரித்த பிறகு தையலில் எஞ்சி நிற்கும் முனை முன்னைவிட அதிகமாகக் குத்தும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அமெரிக்க நிறுவனமான ஹேன்ஸ், 2002-ஆம் ஆண்டில் 'டேக்லெஸ்' என்ற பெயரிலேயே டி-சட்டைகளை விளம்பரப்படுத்தி விற்கத் தொடங்கியது. லேபிளைத் தைக்காமல் துணியின் உட்புறத்திலேயே அச்சிடும் வழக்கம் இன்று பின்னலாடைத் தொழிலில் பரவலாகிவிட்டது. சொந்தப் பெயரில் டி-சட்டை விற்க முனையும் சிறிய முதலீட்டாளரும், எந்த முறையில் அச்சிடுவது என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்கிறார். இயந்திரம் விற்பவர்கள் வேகத்தையும் மையின் பளிச்சிடும் வெண்மையையும் முன்னிறுத்திப் பேசுவார்கள். இந்த மதிப்பீடு அந்த வரிசையைப் பின்பற்றாமல், சட்டையை அணிபவரின் கழுத்திலிருந்து தொடங்குகிறது.

நல்ல டேக்லெஸ் லேபிளிடம் மூன்று எதிர்பார்ப்புகள் உள்ளன. அது தோலுக்குத் தெரியக்கூடாது; சட்டையின் வெளிப்புறத்தில் நிழலாகத் தென்படக்கூடாது; சட்டை கிழிந்து ஓயும் வரை எழுத்து அழியாமல் இருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், முதல் இரண்டுக்கும் மைப்படலம் மெல்லியதாக இருக்க வேண்டும், மூன்றாவதற்கோ அது தடிமனாக இருப்பதுதான் பாதுகாப்பு. எந்த முறையைப் பற்றி விசாரித்தாலும், அது துணியின் மேல் எவ்வளவு தடிமனான படலத்தை விட்டுச் செல்கிறது என்பதை முதலில் கேட்டுவிட்டால், மற்றக் குணங்களில் பெரும்பாலானவற்றை நாமே ஊகித்துவிடலாம். துணி எது, எத்தனை வகை லேபிள்கள் தேவை என்பவை அதற்கு அடுத்த கேள்விகள். இயந்திரத்தின் வேகம் கடைசியில் வர வேண்டியது.

படலத்தின் மென்மையில் முதலிடம் பெறுவது பேட் பிரிண்டிங். எழுத்துகள் பள்ளமாக அரிக்கப்பட்ட ஒரு தகட்டின் மேல், கவிழ்த்து வைத்த மூடிய கிண்ணத்திலிருந்து மை பரவும். கிண்ணத்தின் கூரிய விளிம்பு மேற்பரப்பை வழித்துவிட, பள்ளத்தில் மட்டும் மை தங்கும். மென்மையான சிலிக்கான் திண்டு ஒன்று இறங்கி அந்த மையை ஒற்றி எடுத்து, துணியின் மேல் ஒற்றிவிடும். பள்ளத்தின் ஆழம் பொதுவாக 25 மைக்ரான் அளவில்தான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. அந்தப் பள்ளத்தில் உள்ள மையும் முழுவதுமாகத் துணிக்கு வருவதில்லை, வருவதிலும் கரைப்பான் ஆவியாகிவிடும். எனவே, துணியில் எஞ்சுவது சில மைக்ரான் தடிமனே. விரலால் தடவினால் அச்சு இருக்கும் இடமும் இல்லாத இடமும் வேறுபடாது. மெல்லிய வெளிர்நிற சிங்கிள் ஜெர்சி (டி-சட்டைகளுக்கான சாதாரணப் பின்னல்) துணியில் உட்புற எழுத்து வெளியே தெரியாமல் இருக்க, இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்றே சொல்வேன். சிறிய எழுத்துகளின் கூர்மையிலும் இது சிறப்பாக நிற்கிறது. பராமரிப்புக் குறியீடுகளில் இஸ்திரிப் பெட்டிக்குள் உள்ள புள்ளிகள் ஒன்றா இரண்டா என்பதைத் தெளிவாக எண்ண முடிகிறது. மைச் செலவும் மிகக் குறைவு.

அதே மெல்லிய படலம் அடர்நிறத் துணியில் பலவீனமாகிவிடுகிறது. கறுப்பு டி-சட்டையில் வெள்ளை மையை ஒருமுறை ஒற்றினால் மங்கிய சாம்பல் நிறமே கிடைக்கும். இருமுறை ஒற்றினால் தேறும், ஆனால் நேரம் கூடும், இரண்டாவது ஒற்றல் இம்மி விலகினாலும் எழுத்து இரட்டையாகிவிடும். ரிப், டெர்ரி, உட்புறம் பஞ்சுபோல் சீவப்பட்ட ஃபிளீஸ் ஆகிய மேடுபள்ளத் துணிகளில் மேடுகள் மட்டும் மையை வாங்கிக்கொண்டு பள்ளங்கள் வெறுமையாக நிற்கும். இந்த முறை பணியாளரின் கவனத்தையும் அதிகம் கேட்கிறது. மையில் அதை இறுகச் செய்யும் ஹார்டனர் கலந்தால் சில மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தி முடிக்க வேண்டும். அறையின் வெப்பமும் ஈரப்பதமும் மாறும்போதெல்லாம் மையை நீர்க்கச் செய்யும் தின்னரின் அளவும் மாற வேண்டும், ஏனெனில் கரைப்பான் ஆவியாகி மையின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகும் அந்தக் குறுகிய கணத்தைக் கொண்டுதான் திண்டு மையை எடுக்கவும் விடவும் செய்கிறது. காலையில் அருமையாக வந்த அச்சு நண்பகலில் சிலந்தி வலைபோல் இழுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரத்தில் இருப்பதில்லை. கரைப்பானின் வாடை தங்காதபடி காற்றோட்டமுள்ள இடமும் இதற்கு வேண்டும்; வீட்டின் ஓர் அறையில் தொடங்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, எல்லோருக்கும் தெரிந்த ஸ்கிரீன் பிரிண்டிங். மார்பில் படம் அச்சிட ஏற்கெனவே இந்த வசதியை வைத்திருப்பவர்கள், கழுத்து லேபிளுக்கென ஒரு சிறிய பேலட்டும் (சட்டையை விரித்து வைக்கும் பலகை) சிறிய சட்டகமும் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும் என்பது இதன் பெரிய கவர்ச்சி. எடுத்த எடுப்பில் செலவு குறைவு, மை பழக்கமானது, வண்ணம் பளிச்சென்று வரும். ஆனால், மார்பில் அழகாக இருக்கும் அதே அச்சு கழுத்தில் தொல்லையாகிறது. இதில் வழக்கமாகப் பயன்படும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் வகை மை துணியின் மேல் படியும் அளவு பேட் பிரிண்டிங்கைவிடப் பல மடங்கு அதிகம். வியர்த்த கழுத்தில் அது ஒரு ரப்பர் துண்டுபோல ஒட்டும். வெள்ளைச் சட்டையின் உட்புறத்தில் கறுப்பில் அச்சிட்டால், வெளியே இருந்து பார்ப்பவர் நடுமுதுகுக்கு மேலே ஒரு கறையைக் காண்பார்.

இதைக் குறைக்கத் தொழிலில் வழிகள் இருக்கின்றன, அவற்றைப் பின்பற்றும் அச்சகத்தை மட்டுமே இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்குலத்துக்கு 110 இழை கொண்ட வழக்கமான மெஷ்ஷை (சட்டகத்தில் இழுத்துக் கட்டிய, மை ஊடுருவும் வலைத்துணி) விட்டுவிட்டு, 230 அல்லது 305 இழை கொண்ட நெருக்கமான மெஷ்ஷைப் பயன்படுத்தினால் மைப்படலம் கணிசமாக மெலிகிறது, சிறிய எழுத்துகளின் உட்குழிகளும் அடைபடாமல் தப்புகின்றன. கறுப்பும் வெள்ளையும் தவிர்த்து, துணியின் நிறத்தைவிட ஓரிரு படி மட்டும் விலகிய சாம்பல் நிறத்தில் அச்சிட்டால் வெளிப்புற நிழல் பெருமளவு மறைந்துவிடும். கறுப்புச் சட்டையில் நடுத்தரச் சாம்பல், வெள்ளைச் சட்டையில் வெளிர்ச் சாம்பல் என்பது பலரும் பின்பற்றும் ஏற்பாடு. வாசிக்க முடியாத அளவுக்கு வெளிறிவிடக்கூடாது என்பதுதான் எல்லை. வெளிர்நிறப் பருத்தித் துணிக்கு நீர்வழி மை பிளாஸ்டிசாலைவிட மிக மென்மையாக அமையும். ஆனால், நெருக்கமான மெஷ்ஷில் அது சீக்கிரம் உலர்ந்து வலையின் கண்களை அடைத்துவிடுவதால், இடையில் நிறுத்தாமல் அச்சிடும் ஒழுங்கு தேவை. துணியின் சாயத்தையே நீக்கி எழுத்தை உருவாக்கும் டிஸ்சார்ஜ் மை தொடுவதற்கு மிக மென்மையானது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் ஃபார்மால்டிஹைடு தொடர்புடைய வேதிப்பொருள் பயன்படுகிறது, அச்சிட்டபின் துவைக்காவிட்டால் வாடையும் எச்சமும் தங்கக்கூடும். கழுத்துத் தோலை நாள் முழுவதும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், அதுவும் குழந்தை ஆடையில், அதை நான் ஏற்பதில்லை.

பிளாஸ்டிசால் காற்றில் உலர்வதில்லை. அதன் படலம் முழுவதும் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அது இறுகும், குறைந்த வெப்பத்தில் இறுகும் வகைகளுக்கு 130 டிகிரி அளவு போதும். லேபிள்தானே என்று ஃபிளாஷ் விளக்கின் கீழ் சில வினாடிகள் காட்டிவிட்டு எடுத்து அடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தொட்டால் உலர்ந்ததுபோலத்தான் இருக்கும். சில துவைப்புகளில் எழுத்து உதிரத் தொடங்கும்போதுதான் உண்மை தெரியும்.

மூன்றாவது, ஹீட் டிரான்ஸ்ஃபர். லேபிளை வேறோரிடத்தில் தாளிலோ படலத்திலோ முன்கூட்டியே அச்சிட்டு வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது சூட்டு அழுத்தியால் துணிக்கு மாற்றுவது இந்த முறை. அச்சின் நுட்பம் முழுவதும் லேபிள் தயாரிப்பவரின் பொறுப்பாகிவிடுவதால், அழுத்துபவருக்கு வெப்பம், நேரம், அழுத்தம் என்ற மூன்றை மட்டும் கட்டுக்குள் வைத்தால் போதும். மை கலக்க வேண்டியதில்லை, தகடு கழுவ வேண்டியதில்லை, வாடை இல்லை. எலாஸ்டேன் என்ற நீளும் இழை கலந்த விளையாட்டு ஆடைகளுக்கு, துணியோடு சேர்ந்து நீளும் பாலியூரித்தேன் அல்லது சிலிக்கான் வகை டிரான்ஸ்ஃபர்கள் கிடைக்கின்றன. நீட்சியைப் பொறுத்தவரை மற்ற முறைகள் இவற்றுக்கு ஈடாகா. கெட்டுப்போன லேபிள் தாளிலேயே தெரிந்துவிடுவதால் சட்டை வீணாவதும் குறைவு.

குறைகளும் உண்டு. கழுத்துப் பட்டியின் தையல் மேட்டில் சூட்டுத் தகடு ஏறி உட்கார்ந்தால் லேபிளின் மேல் விளிம்புக்கு அழுத்தம் போய்ச் சேராது. எனவே, லேபிளின் அளவுக்கே உரிய சிறிய தகடு கொண்ட இயந்திரம் தேவை. படம் பதிக்கும் பெரிய அழுத்தியில் இதைச் சமாளிக்க முயல்வது வீண் உழைப்பு. பாலியெஸ்டர் துணியில் தகட்டின் சதுர விளிம்பு பளபளப்பான தடமாகப் பதிந்துவிடுவதும் அடிக்கடி நேர்கிறது.

டிரான்ஸ்ஃபரில் லேபிளின் வடிவமே தோலின் பிரச்சினையாக மாறக்கூடும் என்பதற்கு ஒரு வெளிப்படையான பதிவு இருக்கிறது. 2008 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் கார்ட்டர்ஸ் என்ற குழந்தை ஆடை நிறுவனமும் இணைந்து, வெப்பத்தால் பதித்த டேக்லெஸ் லேபிள்கள் சில குழந்தைகளுக்குத் தோல் தடிப்பை உண்டாக்குவதாகப் பெற்றோருக்கு அறிவுறுத்தல் வெளியிட்டன. குறிப்பிடப்பட்டவை, எழுத்துகள் மட்டுமாக இல்லாமல் பின்னணி முழுவதும் நிரப்பப்பட்ட லேபிள்கள். அந்த அறிவுறுத்தலில் இருந்து எந்த முறையைப் பயன்படுத்துபவரும் எடுத்துக்கொள்ள வேண்டிய வடிவமைப்பு விதி ஒன்று உண்டு: வண்ணப் பெட்டி வரைந்து அதற்குள் எழுத்தைத் திறந்து காட்டும் வடிவம் கழுத்துக்கு ஆகாது. பெட்டி, பட்டை, நிரப்பிய சின்னம் ஆகியவை வியர்வையைத் தோலோடு அடைத்து வைக்கும் தகடுகள். மெல்லிய கோடுகளாலான எழுத்தும் சின்னமும் துணிக்கு மூச்சுவிட இடம் தருகின்றன.

அண்மை ஆண்டுகளில் டி.டி.எஃப். எனப்படும் படல அச்சு எல்லாவற்றுக்கும் தீர்வாக விற்கப்படுகிறது. இன்க்ஜெட் மூலம் படலத்தில் வண்ணமும் வெள்ளையும் அச்சிட்டு, ஈரமாக இருக்கும்போதே ஒட்டுப்பொடியைத் தூவி உருக்கி, பின்னர் சட்டையில் அழுத்திப் பதிக்கிறார்கள். தகடும் ஸ்கிரீனும் தேவையில்லாததால் பத்துச் சட்டைக்கும் லேபிள் எடுக்கலாம், ஒவ்வொன்றிலும் வேறு அளவு, வேறு எண் போட்டுக்கொள்ளலாம். இந்த வசதி உண்மையானது. புதிதாகத் தொடங்குபவருக்கு அது மதிப்புள்ளதும்கூட. ஆனால் ஒட்டுப்பொடி, வெள்ளை, வண்ணம் என்று அடுக்கடுக்காகச் சேரும் படலம் கையில் பிளாஸ்டிக் போலவே உணரப்படுகிறது. கோடு மிக மெல்லியதாக இருந்தால் அதில் போதிய பொடி ஒட்டாமல், துவைக்கும்போது முதலில் உரிவது அந்த எழுத்துதான். கோட்டைத் தடிமனாக்கினால் லேபிள் பெரிதாகி உறுத்துகிறது. பெயரும் அளவும் மட்டும் கொண்ட சிறிய லேபிளுக்கு இதை ஏற்கலாம். துணியின் கலவை விவரம் முதல் சலவைக் குறிப்பு வரை அனைத்தையும் இதில் நெருக்கி அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிர்நிறப் பாலியெஸ்டர் துணிக்கு மட்டும், தொடக்கத்தில் சொன்ன முரண்பாடு எழாத ஒரு வழி இருக்கிறது. சப்ளிமேஷன் முறையில் சாயம் ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்தில் ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடுவதால் மேலே படலம் என்று எதுவும் இல்லை. தோலுக்குத் தெரிய எதுவுமில்லை, உரிந்து வரவும் எதுவுமில்லை. பருத்தியிலும் அடர்நிறத்திலும் இது பலிக்காது. துணிக்கு நேரடியாக அச்சிடும் டி.டி.ஜி. இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதிலேயே லேபிளையும் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். முன்பூச்சும் காத்திருப்பும் சேர்ந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு லேபிளுக்கு அது அளவுக்கு மீறிய வேலை.

பாலியெஸ்டர் என்று வந்துவிட்டதால் சாயக் கசிவையும் இங்கேயே பேசிவிட வேண்டும். அடர்நிறப் பாலியெஸ்டரில் உள்ள சாயம், மையை இறுக்கும் வெப்பத்திலேயே நகரத் தொடங்கி அச்சுக்குள் ஏறும். சிவப்புச் சட்டையில் வெள்ளையாக அச்சிட்ட லேபிள் சில நாட்களில் இளஞ்சிவப்பாக மாறுவது இதனால்தான். மாதிரியை அச்சிட்ட அன்றே பார்த்து ஒப்புதல் தருவது இந்தத் துணியில் ஆபத்தானது. குறைந்த வெப்பத்தில் இறுகும் மை, அல்லது சாயத்தைத் தடுக்கும் அடிப்படலம் கொண்ட டிரான்ஸ்ஃபர் என்பவை வழக்கமான தீர்வுகள். இன்னும் எளிய தீர்வு, வெள்ளையை விட்டுச் சாம்பலுக்குப் போவது. நிறம் சற்று மாறினாலும் யாருக்கும் தெரியாது.

லேபிளில் என்ன எழுதுகிறோம் என்பதும் முறையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கச் சந்தைக்கு இழைக் கலவை, தயாரித்த நாடு, தயாரிப்பாளர் அல்லது விற்பனையாளரின் அடையாளம், பராமரிப்புக் குறிப்பு ஆகியவை கட்டாயம். கழுத்துள்ள ஆடைகளில் நாட்டின் பெயர் பின்கழுத்தின் உட்புற நடுவிலேயே இருக்க வேண்டும். பராமரிப்புக் குறிப்பு ஆடையின் பயன்பாட்டுக் காலம் முழுவதும் படிக்கும்படி நிலைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இழைக் கலவைக்கு 2011-ஆம் ஆண்டின் 1007-ஆம் எண் ஒழுங்குமுறை பொருந்தும். குழந்தைகளுக்கான பொருள்களில் ஈயத்துக்கும் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் குறிப்பிட்ட தாலேட் வகைகளுக்கும் 2008-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் உச்சவரம்பு விதித்திருப்பதால், மை தயாரிப்பாளரிடம் பரிசோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுவது வெறும் சம்பிரதாயம் அல்ல. துணியில் தீங்கான வேதிப்பொருள்கள் உள்ளனவா என்று சோதித்துத் தரப்படும் ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்றிதழில், மூன்று வயது வரையிலான குழந்தைகளின் ஆடைகளுக்கான முதல் வகுப்பே மிகக் கடுமையானது. இவ்வளவையும் கழுத்தில் அச்சிட்டால் மையின் பரப்பு பெருகிவிடும். சட்டம் கழுத்தில் கேட்பதையும் பெயரையும் அளவையும் மட்டும் அங்கே அச்சிட்டு, மீதியைப் பக்கத் தையலில் ஒரு மெல்லிய துணி லேபிளாகச் சேர்ப்பதே பல நேரங்களில் அறிவார்ந்த ஏற்பாடாக எனக்குப் படுகிறது. முழுவதும் டேக்லெஸ் என்று விளம்பரப்படுத்த முடியாதுதான்; ஆனால் கழுத்து நிம்மதியாக இருக்கும்.

எண்ணிக்கையைக் கணக்கிடும்போது மொத்தச் சட்டைகளைவிட லேபிள் வகைகளையே எண்ண வேண்டும். ஆறு அளவுகள், இரண்டு துணிக் கலவைகள், அடர்நிறத்துக்கும் வெளிர்நிறத்துக்கும் தனித்தனி மை என்றால், ஒரே டிசைனுக்கு இருபத்து நான்கு வகைகள் ஆகிவிடுகின்றன. மை நிறத்தை விட்டுவிட்டாலும் பேட் பிரிண்டிங்கில் பன்னிரண்டு தகடுகள் வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிறுத்தம் உண்டு. ஒரே வகையில் ஆயிரக்கணக்கில் ஓடும் வேலையில் இந்த நிறுத்தம் கரைந்துவிடும். ஒவ்வொரு வகையிலும் ஐம்பது சட்டை என்றால் அச்சிடும் நேரத்தைவிட மாற்றும் நேரமே மிகும். டிரான்ஸ்ஃபரில் வகைகளைத் தாள்களாக வாங்கி அடுக்கிவிடலாம், ஆனால் எந்த அளவு முதலில் தீரும் என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டும். மீதமாகும் தாள்கள் ஈரமும் வெயிலும் படாத இடத்தில் காத்திருக்க வேண்டும். ஆகவே, ஒரே துணியில் பெரும் எண்ணிக்கையில் பருத்திச் சட்டை செய்பவருக்குப் பேட் பிரிண்டிங்கையும், விளையாட்டு ஆடை செய்பவருக்கும் பல வகைகளைச் சிறு தொகுப்புகளாக விற்பவருக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்ட டிரான்ஸ்ஃபரையும் பரிந்துரைக்கிறேன். ஸ்கிரீன் பிரிண்டிங் வசதியை ஏற்கெனவே வைத்திருப்பவர், நெருக்கமான மெஷ்ஷும் சாம்பல் மையும் பயன்படுத்துவதாக இருந்தால் புதிய இயந்திரம் வாங்காமலே காலம் தள்ளலாம். உட்புறம் சீவிய ஃபிளீஸுக்கும் கம்பளிப் பின்னலுக்கும் மென்மையான தைத்த லேபிளே இன்னும் மேல்.

தைத்து முடித்த சட்டையில் அச்சிடுவதா, வெட்டிய துண்டில் அச்சிடுவதா என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தைக்குமுன் பின்பாகத் துண்டில் அச்சிட்டால், கெட்டுப்போகும்போது இழப்பது ஒரு துண்டுத் துணியை மட்டுமே. துணி தட்டையாகக் கிடப்பதால் அச்சும் சீராக விழும். ஆனால், கழுத்துப் பட்டி தைக்கும்போது லேபிள் நடுவிலிருந்து விலகாமலிருக்கத் தையற்காரருக்கு அடையாளக் குறி வேண்டும், அளவு மாறிய துண்டுகள் கலந்துவிடாமல் கட்டுகளைப் பிரித்து வைக்கவும் வேண்டும். ஆயத்தச் சட்டைகளை வாங்கித் தன் பெயரில் விற்பவருக்கு இந்தத் தேர்வு இல்லை. எளிதில் கிழித்தெடுக்கக்கூடிய லேபிளோடு வரும் சட்டைகளை அவர் வாங்க வேண்டும், பழைய லேபிளில் இருந்த கலவையையும் நாட்டின் பெயரையும் மாற்றாமல் புதிய லேபிளுக்குக் கொண்டுவர வேண்டும்.

அச்சகத்தில் மாதிரி கேட்கும்போது, அவர்களிடம் கிடக்கும் துணியில் அச்சிட்ட மாதிரியை ஏற்காமல், விற்கப்போகும் அதே துணியை, அதே சாயத்தொகுப்பிலிருந்து கொடுத்து அச்சிடச் சொல்ல வேண்டும். மென்மையாக்கும் சாஃப்ட்னரும் நீர்விலக்கிப் பூச்சும் மையின் பிடிப்பைக் கெடுப்பதால், ஒரே பெயரில் வரும் இரண்டு துணிகள்கூட வேறுபட்டு நடந்துகொள்ளும். ஹார்டனர் கலந்த மை முழுமையாக இறுகச் சில நாட்கள் ஆகும் என்பதால், அதற்கு முன் துவைத்துப் பார்த்துக் குறை சொல்வதும் நியாயமில்லை. அதன்பின் வீட்டுத் துவைப்புக்கான ஐ.எஸ்.ஓ. 6330 முறைப்படி அவர்கள் எத்தனை துவைப்பு வரை சோதித்தார்கள் என்பதையும், எந்த வெப்பத்தில் சோதித்தார்கள் என்பதையும் எழுத்தில் கேட்கலாம். துவைத்த மாதிரியை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, இரு கைகளாலும் நீட்டி, வெளிப்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபின், ஒரு முழு நாள் யாரையாவது அணியச் சொல்ல வேண்டும். லேபிள் எங்கே இருந்தது என்று மாலையில் அவரிடம் கேட்டு, அவர் கையால் துழாவித்தான் சொல்ல வேண்டியிருந்தால் தொகுப்பு முழுவதற்கும் ஒப்புதல் கொடுத்துவிடலாம்.